பால் குடமும் கரிப்பானையும்

தலையில் பால் குடம். உடம்பில் ஈர மஞ்சள் சேலை. மணிக்கட்டில் காப்பு. சித்திரை மாதத்து வெயில் காலை பத்து மணிக்கே மண்ணைத் தோசைக்கல்லாக்கி வைத்திருந்தது. முன்னால் பம்பையும் தவிலும் போக, பின்னால் எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதல் குடம் என்னுடையது.

வாய்க்கால் பாலத்துக்கு இந்தண்டை ஒரு புளியமரம் உண்டு. அதை நெருங்கும்போதுதான் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால், வேலிக்காத்தான் புதர் மறைவில், ஒரு ஜீப்பின் மூக்கு. மூக்கு மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அது போதும். அந்த ஜீப்பை ஒரு வருஷமாக எனக்குத் தெரியும்.

குடத்து வாயில் செருகியிருந்த வேப்பிலை நுனியிலிருந்து பால் ஒரு சொட்டு என் காதோரமாக இறங்கியது. துடைக்கக் கை வரவில்லை. வேலிக் கம்பில் கரிப்பானையைக் கவிழ்க்காமல் வந்துவிட்டேன். கவிழ்க்க வேண்டியவள் நான். இப்போது நானோ வாய் திறக்கக் கூடாது, குடத்தை இறக்கக் கூடாது, வந்த வழியே திரும்பக் கூடாது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் சவரிமுத்து அண்ணனுடைய லாரி வந்துவிடும்.

பால் குடத்துக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மூங்கில் கேட்

அப்போது பெரம்பலூரும் அரியலூரும் தனித்தனி ஜில்லா இல்லை. எல்லாம் திருச்சி ஜில்லாதான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில், எங்கள் ஊரைத் தாண்டினால் ஓர் ஆற்றுப்பாலம். பாலத்து முகப்பில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில். அதன் அடிமுனையில் கல் கட்டியிருக்கும். காசு கட்டினால் மூங்கில் எழும்பும். பாலம் கட்டின செலவு தீருகிற வரைக்கும் வசூல் என்றார்கள். எப்போது தீரும் என்று யாரும் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு குத்தகைக்காரர் வந்து மேசை போட்டு உட்காருவார்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. லாரிக்காரர்களுக்குத்தான் வயிற்றில் அடி. ஏனென்றால் அப்போது முதலாளிமார்கள் டிரிப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை மொத்தமாக டிரைவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வழியில் சாப்பாடு, பஞ்சர், கேட் எல்லாம் அதற்குள்தான். கேட்டில் கட்டினால் டிரைவருடைய சாப்பாட்டில் குறையும். கட்டாமல் தப்பினால் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு பன்னாவது வரும். எங்கள் வீட்டுக்காரரும் லாரி டிரைவர். அவர் காக்கிச் சட்டைப் பையில் நசுங்கிக் கிடந்து வந்த பன்களைத் தின்றுதான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

திருட்டுத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் மறுக்கவில்லை. அன்றைக்கு அது எங்களுக்குத் திருட்டாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேட்டுக்கு முன்னாலேயே மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் வண்டிப்பாதை பிரியும். பிரிகிற மூலையில் முதல் வீடு எங்களுடையது. பாதை ஊருக்குள் வந்து, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஆற்றில் இறங்கும். மழைக்காலம் தவிர ஆற்றில் மணல்தான். மணலில் லாரி புதையாமல் இருக்கக் கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் மெத்தை மாதிரி பரப்பிவிடுவார்கள். அதன் மேல் ஏறி அக்கரை போனால், கேட்டுக்கு அந்தப்பக்கம் மெயின் ரோட்டில் சேர்ந்துகொள்ளலாம்.

பாதை முனையில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். கனரக வாகனங்கள் செல்லக் கூடாது. நான் நாலாவது வரை படித்தவள். கனரகம் என்றால் என்னவென்று அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வாய்க்கால் பாலம் சுண்ணாம்புக் காரையில் கட்டின பழைய பாலம். சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரியை அது தாங்காது என்று பலகை வைத்தார்கள். பலகைக்கு அடியிலேயே டயர் தடம் கிடக்கும்.

வேலிக் கம்பில் ஒரு பானை

லாரிகள் இந்த வழியில் போவது தெரிந்து, லாரிகளைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீசர் ஒருவருடைய ஜீப் வந்து மறைந்து நிற்க ஆரம்பித்தது. பிடித்தால் அபராதம் மட்டும் இல்லை, லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியும் விடுவார்கள்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் இந்த யோசனையைச் சொன்னார்.

"ஜீப்பு நிக்கறது தெரிஞ்சா வேலிக் கம்புல கரிப்பானையைக் கவுத்து வை. பானை இருந்தா நாங்க நேரா கேட்டுக்குப் போயிக்கறோம். பானை இல்லேன்னா உள்ள வந்துடறோம்."

"யாராவது கேட்டா?"

"திருஷ்டிக்குன்னு சொல்லு. வூட்டுல திருஷ்டிபட ஒண்ணுமில்லேங்கறது வேற யாருக்குத் தெரியும்."

சுண்ணாம்புப் புள்ளி வைத்த கரிப்பானை எல்லார் வேலியிலும் இருப்பதுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலையில் வாசல் தெளிக்கும்போது புளியமரம் வரை நடந்து பார்த்துவிட்டு வருவேன். நின்றால் பானை. நிற்காவிட்டால் இல்லை. இப்படி எத்தனை லாரிகளுக்கு நான் வழி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. முகம் தெரியாத டிரைவர்கள்கூட மூலை திரும்பும்போது ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள்.

அவர்களில் சவரிமுத்து அண்ணன் எங்கள் வீட்டு மனுஷர் மாதிரி. திருமானூர்ப் பக்கம் ஊர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, லாரிக்குள் மாதா படம், அதற்கு முழம் மல்லிகை. எங்கள் வீட்டுக்காரர் லாரியில் கையில் கரும்போடு நிற்கிற செட்டிகுளம் முருகன் படம். இருவரும் எங்கள் வாசலில் டீ குடிக்கும்போது இதை வைத்தே ஒருவரை ஒருவர் வாருவார்கள்.

"எங்க மாதா கையில புள்ளை இருக்கு, உங்க முருகன் கையில கரும்பு இருக்கு. புள்ளை அழுதா ஒரு கணு ஒடிச்சிக் குடுக்கச் சொல்லு மாப்ள" என்பார் அண்ணன்.

"கரும்பைக் குடுத்துட்டா எங்க சாமி எதைப் புடிச்சிக்கிட்டு நிக்கும்? உங்க ஸ்டேரிங்கையா?" என்பார் இவர்.

சிரிப்பும் பேச்சும் இருந்தாலும் அண்ணனுக்குள் ஒரு பயம் இருந்தது. அவர் லைசென்ஸில் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதியாகிவிட்டது. மூன்றாவது தடவை எழுதினால் லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் டீ டம்ளரை வைத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"எனக்கு மம்பட்டி புடிக்கத் தெரியாது தங்கச்சி. ஏர் தெரியாது. மீசை மொளைக்கறதுக்கு முன்னாடி லாரியில ஏறுனவன். இந்தக் கை வட்டமாத்தான் சுத்தும்."

அதற்குப் பிறகு அவர் வருகிற நாட்களில் நான் இரண்டு தடவை புளியமரம் வரை போய்ப் பார்ப்பேன்.

குடம் எடுத்த பிறகு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதினதைப் படித்தவர்களுக்கு என் வேண்டுதல் தெரியும். படிக்காதவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் வீட்டுக்காரருடைய லாரி ஒருநாள் பிரேக் பிடிக்காமல் போய், ஒரு வைக்கோல் போரில் மோதி நின்றது. அவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. மூன்று வருஷம் பால் குடம் எடுக்கிறேன் என்று எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இது மூன்றாவது வருஷம்.

எங்கள் ஊரில் இதற்கு முறை கடுமையானது. காப்புக் கட்டினால் எட்டு நாளும் பொய் பேசக் கூடாது. வாசலில் வந்து நிற்கிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எட்டாம் நாள் பிள்ளையார் கோயில் கிணற்றடியில் குடத்தைத் தலையில் ஏற்றினால், அம்மன் தலையில் பால் இறங்குகிற வரை பேச்சு கிடையாது, குடத்தை இறக்குவது கிடையாது, திரும்பி நடப்பது கிடையாது. இதில் ஒன்று தவறினாலும் மூன்று வருஷமும் வீண்.

அன்றைக்கு விடியற்காலையிலேயே கிணற்றடிக்குப் போய்விட்டோம். புளியமரம் வரை நடந்து பார்க்க நேரமில்லை. திருவிழா நாளில் ஜீப் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். தவறு அங்கேதான் ஆரம்பித்தது. ஜீப்காரர் வேறு கணக்குப் போட்டிருக்கிறார். ஊரே கோயிலில் இருக்கும், லாரிகள் தைரியமாக வரும் என்று. ஊருக்குள் வராமல் ஆற்று வழியாக வந்து, புளியமரத்துப் பின்னால் நின்றுகொண்டார்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன். என் வீடு பின்னால் ஒரு கூப்பிடு தூரம்தான். பானையை எடுத்துக் கவிழ்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கண்முன் வந்தது வைக்கோல் போரில் முட்டி நின்ற லாரி. என் கால் முன்னால்தான் போயிற்று.

ஆத்தா வந்துட்டா

என் பக்கத்தில் நாத்தனார் அஞ்சலை வந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் காப்பும் இல்லை, குடமும் இல்லை. எங்கள் கால் சுடாமல் இருக்க வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பானை விஷயம் தெரியும். அவளிடம் எப்படியாவது சொல்லிவிட்டால் போதும்.

நான் அவளைப் பார்த்துக் கண்ணை விரித்தேன். பிறகு கண்ணைப் புளியமரத்துப் பக்கம் உருட்டினேன்.

அஞ்சலை என்னையே உற்றுப் பார்த்தாள். செம்பை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

மறுபடியும் கண்ணை விரித்து, முகத்தை வீட்டுப் பக்கமாக வெட்டினேன். குடம் ஆடிப் பால் முகத்தில் வழிந்தது.

"ஏ, அண்ணிக்கு ஆத்தா வந்துட்டா" என்று கத்தினாள் அஞ்சலை.

அவ்வளவுதான். பம்பைக்காரர் எனக்கு நேராகத் திரும்பிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் இடுப்பில் ஊற்றினார்கள். இல்லை, ஆத்தா வரவில்லை என்று நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஆட்ட ஆட்டப் பம்பை வேகம் பிடித்தது.

பூசாரி ஓடிவந்து என் எதிரே கைகூப்பி நின்றார்.

"வந்திருக்கறது யாரு தாயி? மாரியா, காளியா?"

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"வாயைத் தொறக்க மாட்டேங்கறா. கோவமா இருக்கா. இந்த வருஷம் கூழ் பத்தலை போலருக்கு" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"போன வருஷமும் இதையேதான் சொன்னேன். யாரு கேட்டீங்க" என்றாள் இன்னொருத்தி.

இந்தக் கூத்துக்கு நடுவில், பின்னால் மெயின் ரோட்டு மூலையில் ரப்பர் ஹாரன் இரண்டு தட்டுத் தட்டியது. அந்தத் தட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும். வேலியில் பானை இல்லை. உள்ளே வந்துவிட்டார்.

அவர் நினைத்திருந்தால் ஹாரன் அடித்து எங்களை ஒதுக்கிவிட்டு, பாலம் ஏறி ஆற்றில் இறங்கித் தப்பித்திருக்கலாம். குடங்களைப் பார்த்ததும் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். கீழே இறங்கினார். செருப்பைக் கழற்றி டயர் ஓரமாக வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாமி போகட்டும் என்று கையைக் கட்டி நின்றார்.

புளியமரத்துப் பின்னால் ஜீப் உறுமியது.

ஆடாத தலை

ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீசர் கெட்டவர் இல்லை. நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்திருந்தார். குடங்களைப் பார்த்ததும் அவரும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். அண்ணனைக் கூப்பிட்டு லைசென்ஸ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். முகம் மாறியது.

"ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதியிருக்கே பெரியவரே."

அஞ்சலைதான் முந்திக்கொண்டு வந்தாள்.

"அவரு வழி தெரியாம வந்துட்டாருங்க சார். இந்தப் பக்கம் லாரியே வராதுங்க."

"லாரியே வராத ஊர்ல ஆத்து மணல்ல சோவை பரப்பிக் கெடக்குதே. அது யாருக்கு? உங்க மாட்டுக்கு மெத்தையா?"

"மாட்டுக்கு வயசாயிடுச்சுங்க. கால் நோவும்."

கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆபீசரும் மீசைக்குள் சிரித்தார். ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இங்க பாருங்க. இவர் மேல எனக்கு வன்மம் ஒண்ணும் கெடையாது. வழி தப்பி ஒருநாள் வந்தவரா, தெனமும் வர்றவரா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். வழி தப்பி வந்தவர்னா எழுதாம விட்டுடறேன்."

பிறகு அவர் கண் என் மேல் விழுந்தது. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நான் நிற்கிறேன். தலையில் குடம், கையில் காப்பு. அவர் கைகூப்பினார்.

"ஆத்தா வந்திருக்கற அம்மா சொல்லட்டும். வாயைத் தொறக்க வேணாம். இவர் தெனமும் வர்றவர் இல்லேன்னு தலையை மட்டும் ஆட்டட்டும். நான் ஜீப்பைத் திருப்பிக்கிட்டுப் போயிடறேன்."

பம்பை நின்றுவிட்டது. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது.

அதுவரை வேண்டாத நேரமெல்லாம் ஆடிக்கொண்டிருந்த தலை அது. இப்போது ஒரே ஒரு தடவை ஆடினால் போதும். ஒரு மனுஷனுடைய பிழைப்பு மிஞ்சும். அஞ்சலை கண்ணாலேயே ஆட்டு, ஆட்டு என்கிறாள். என் கழுத்து இரும்பாக நிற்கிறது. பொய் என்கிற பயம் மட்டும் இல்லை அது. என் மேல் ஆத்தா வரவில்லை என்று எனக்குத் தெரியும். வராத ஆத்தாவின் பேரைச் சொல்லி, காப்புக் கட்டின கையோடு, அவள் கோயிலுக்குப் போகிற வழியிலேயே நான் எப்படித் தலையை ஆட்டுவேன்? ஆட்டாமல் இருந்தால் சவரி அண்ணனை என் கையாலேயே பிடித்துக் கொடுத்த மாதிரி.

கண்ணீரும் பாலும் ஒன்றாக வாயில் இறங்கின. உப்புக் கரித்தது.

"சார்" என்றார் சவரிமுத்து அண்ணன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் கட்டின கையை அவிழ்த்திருந்தார்.

"அந்தப் புள்ளையைக் கேக்காதீங்க சார். காப்பு கட்டியிருக்கு. நான் தெனமும் வர்றவன்தான். வாரத்துல நாலு நாள் இந்த வழிதான். சோவை பரப்பச் சொன்னதும் நான்தான். எழுதிக்குங்க."

சோகை பரப்பச் சொன்னது அவர் இல்லை. எங்கள் வீட்டுக்காரர்.

ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு ஜீப் பானெட்டில் புத்தகத்தை வைத்து எழுதினார். எழுதி முடித்து, "வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே பெரம்பலூர் வாங்க" என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது. அண்ணன் வெறுங்காலோடு எங்களைத் தாண்டிப் போய், டயர் ஓரத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினார். என் பக்கம் திரும்பவில்லை.

நான் பாலத்தைத் தாண்டிக் கோயிலுக்குப் போனேன். பால் அம்மன் தலையில் இறங்கியது. இனிமேல் பேசலாம். போன இரண்டு வருஷமும் அந்த இடத்தில் நான் சொன்னது ஒன்றுதான். வண்டியும் ஆளும் முழுசா வூடு வந்து சேரணும் தாயி. அன்றைக்கும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். எந்த வண்டி, எந்த ஆள் என்று எனக்கே தெரியாமல் பாதியில் நின்றுவிட்டது.

மூங்கில் தூக்கின கை

எங்கள் வீட்டுக்காரர் சேலம் லோடு போயிருந்தவர் இரண்டு நாள் கழித்து வந்தார். தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"ஜீப்பு நீ குடம் எடுத்த பின்னாலதானே கண்ணுல பட்டுச்சு?"

"ஆமாங்க."

"அப்ப என்ன பண்ணியிருப்பே நீ."

அது கேள்வி மாதிரி இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல்கூட, அண்ணனைப் பார்க்கத் திருமானூர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

லைசென்ஸைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்துவிட்டார்கள். முதலாளி வேறு டிரைவர் போட்டுக்கொண்டார். அந்த மாதங்களில் சவரி அண்ணனுக்கு வேலை கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பாலத்துக் கேட் குத்தகைக்காரர். மூங்கிலைத் தூக்கி இறக்குகிற வேலை. எந்தெந்தச் சந்து வழியாக லாரி தப்புகிறது என்று இவர் காட்டிக் கொடுப்பார் என்கிற நினைப்பு குத்தகைக்காரருக்கு.

"மூங்கிலைத் தூக்கத்தான் வந்திருக்கேன். வழி காட்டறதுக்கு இல்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம் அண்ணன்.

ஆனால் நடந்தது வேறு. அவர் கேட்டில் நிற்கிறார் என்று தெரிந்ததும் ஒரு லாரிகூட எங்கள் பாதைக்குள் வரவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வரிசையாகப் போய்க் கேட்டில் நின்றார்கள், கட்டினார்கள், அண்ணனிடம் ஒரு பீடியும் இரண்டு வார்த்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் கரிப்பானையை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டேன். அந்த வருஷ மழையில் வாய்க்கால் பாலத்தின் ஒரு பக்கம் கை நுழைகிற அளவுக்கு விரிசல் விட்டது. லாரி போகாமலே இப்படி. போயிருந்தால் யாருடைய லாரி உள்ளே கிடந்திருக்குமோ. பலகையைப் பார்த்து முதன்முதலாக எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான்.

மழைக்கு முந்தின ஆடி மாதத்தில் ஒருநாள் மாவிளக்கு மாவை ஒரு தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். போகக் கால் கூசியது. அண்ணன் கல் கட்டின முனையில் கை வைத்து, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. இந்தக் கை வட்டமாத்தான் சுத்தும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பாரு, மேலயும் கீழயும்கூடப் போவுது."

"சாமிக்குப் படைச்ச மாவுண்ணே. சாப்புடுவீங்களா?"

"வெல்லம் போட்டிருக்குல்ல? அப்புறம் என்ன யோசனை."

அவர் சாப்பிடுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நானும் ஒரு பொய் சொன்னேன். சோவை நான்தான் பரப்பச் சொன்னேன்னு. ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல சாமியார்கிட்ட முட்டி போட்டு, தப்பைச் சொல்லி எறக்கிட்டேன். எனக்கு லோடு எறக்க எடம் இருக்கு தங்கச்சி. நீ எங்க எறக்குவே? எறக்கக் கூடாத குடத்தை வேற தலையில வச்சிக்கிட்டு நிக்கறே."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீங்க பேசலேன்னா நான் தலையை ஆட்டியிருப்பேனாண்ணே?"

அண்ணன் விரலில் ஒட்டியிருந்த மாவைத் துண்டில் துடைத்துக்கொண்டார். தூரத்தில் ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டது. எழுந்து மூங்கில் பக்கம் போனார்.

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆட்டினாலும் என்னால தாங்க முடியாது, ஆட்டலேன்னாலும் தாங்க முடியாது. அதான் முந்திக்கிட்டேன்."

லாரி வந்து நின்றது. காசு கட்டியானதும் கல் முனையை அழுத்தினார். மூங்கில் வானத்தைப் பார்த்து எழுந்தது.

லைசென்ஸ் திரும்பி வந்து, அண்ணன் மறுபடி ஸ்டேரிங்கைப் பிடித்து, பல வருஷம் ஓட்டி, பேரப்பிள்ளை எடுத்து, கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தும்விட்டார். மூங்கில் கேட்டும் இப்போது இல்லை. நேர்ந்துகொண்டது மூன்று வருஷம்தான் என்றாலும் நான் இன்னமும் குடம் எடுக்கிறேன். பால் இறங்கினதும் முதலில் அவர் பேரைத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் கண்ணாடி முன்னால் நின்று, அன்றைக்கு அவர்கள் கேட்ட மாதிரி தலையை மெதுவாக ஆட்டிப் பார்க்கிறேன். வெறுந்தலை. சுலபமாகத்தான் ஆடுகிறது.